பூட்டுவில்லையும் பாசமும்

சிவமயம்

உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. யாதானும் ஒன்றனைச் சார்ந்தே நிற்கும். சார்ந்ததன் வண்ணமாதலும் அதற்கு இயல்பு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் பற்றிய பொருளின் தன்மையைத் தன் தன்மையாகக் கொள்ளும் என்பது சித்தாந்தம். ஆகலின், ஒருவன் எப்பொருளை விரும்பித் தேடித் தன் இல்லத்தில் தொகுத்து வைக்கின்றான் என்பது பொருட்படுத்தத் தகாத வினாவன்று. பொன்னைத் தொகுப்பார், ஏட்டுச்சுவடிகளைத் தொகுப்பார், பழங்காசுகளைத் தொகுப்பார் எனத் தொகுப்போர் பல திறத்தர். போர்க்களத்தில் ஒருவரையொருவர் கொன்ற மக்கள் அரையிற் கட்டியிருந்த வாரையும் அதன் பூட்டையும் பெரும்பொருள் கொடுத்துத் தொகுப்பாரும் அவருள் உளர். இச்செயல் தக்கதோ தகாததோ, தக்கதாயின் எவ்வாற்றால் தக்கது என்பது ஈண்டு ஆராயப்படும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தொகுப்பாளர் மிக விரும்புவனவற்றுள் ஜர்மானியப் படைவீரரின் பெல்ட்டும் பக்கிளும், அஃதாவது இடைவாரும் பூட்டுவில்லையும், அடங்கும். அவற்றுள்ளும் வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் வழங்கியவை தனிச்சிறப்பினவாக மதிக்கப்படும். ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற இத்தாலியர்க்குத் துணையாக, 1941-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரோமெல் என்னும் தளபதி லிபியாவிலுள்ள திரிப்போலி நகரிற் போய் இறங்கினார். அவர்கீழ்ச் சென்ற ஜர்மானியப் படை 'ஆப்பிரிக்காக் கோர்' எனப் பெயர் பெற்றது. தோப்ருக்கு முற்றுகை, எகிப்து நாட்டு எல் அலமெயினில் 1942-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் இரவு தொடங்கிய பெரும்போர் முதலியவற்றைக் கடந்து, 1943-ஆம் ஆண்டு மே மாதத்தில் தூனிசியாவில் அப்படை சரணடைந்தது. ஜர்மானியரும் இத்தாலியருமாக இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்டோர் அங்கே சிறைப்பட்டனர். அவர் அரையிலிருந்த வார்களுள் பல, வென்றோர் கைக்கு நினைவுப்பொருளாகச் சென்றன. இன்று விலைபேசப்படும் வார்களுட் பலவற்றின் வரலாறு இதுவேயாம்.

அவ்வாரின் அமைப்பு வருமாறு: குளிர்நாட்டில் ஜர்மானியக் காலாள் அணிந்தது தோல்வார். பாலையின் வெப்பத்தில் தோல் உலர்ந்து வெடிக்கும் ஆகலின், வெப்பநாட்டுக்கெனப் பருத்திநூலால் நெருங்க நெய்த கித்தான்வார் செய்யப்பட்டது. அதன் ஒரு முனையிற் கொக்கி, மறுமுனையில் வில்லை. கச்சேரிச் சேவகர் டவாலியில் அணிந்த பித்தளை வில்லையைக் கண்டார்க்கு இதன் உருவம் ஒருவாறு புலனாகும். வில்லை முதலில் அலுமினியத்தாலும் பின்னர்ப் பெரும்பாலும் எஃகாலும் அடிக்கப்பட்டது. வெப்பநாட்டுக்குரியவற்றிற்கு மங்கிய பசுநிறம் தீட்டப்பட்டது. வில்லையின் நடுவே ஒரு வட்டம். வட்டத்தினுள்ளே சுவத்திகத்தைக் காலிற் பற்றிய கழுகு. கழுகின் மேலே வளைவாகப் பொறித்த ஒரு தொடர். 'கோட் மிட் உன்ஸ்' என்பது அத்தொடர். 'இறைவன் நம்முடன்' என்பது அதன் பொருள்.

இத்தொடர் ஹிட்லர் காலத்துத் தோன்றியதன்று. கிறித்துவ வேதத்தில் வரும் 'இம்மானுவேல்' என்னும் பெயர்க்குப் பொருளும் இதுவே. சுவீடன் மன்னர் குஸ்தாவஸ் அடால்பஸின் படையினர் இதனைப் போர்மொழியாகக் கொண்டனர். அம்மன்னர் 1632-ஆம் ஆண்டில் லூட்சென் களத்தில் மாண்டார். பின்னர்ப் பிரஷிய அரசர் இதனைத் தம் குலமொழியாகக் கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் படைவீரர் வில்லையில் இஃது ஏறிற்று. 1914-ஆம் ஆண்டில் மூண்ட போரிலும் ஜர்மானியர் இவ்வில்லையை அணிந்தே சென்றனர். அவரை எதிர்த்த ருஷியச் சக்கரவர்த்தியின் விருதிலும் இதே பொருளுடைய தொடர் ருஷிய மொழியிற் பொறிக்கப்பட்டிருந்தது. ஆங்கில மன்னர் விருதிலோ 'இறைவனும் என் உரிமையும்' என்பது பிரெஞ்சு மொழியிற் காணப்படும். பகைவர் இருவரும் ஒரே இறைவனைத் தத்தமக்கு உரியனாகக் கூறிக்கொண்டு ஒருவரையொருவர் கொன்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, தொகுப்பாளர் செயலை நோக்குவோம். இப்பொருள்கட்கு விலை மிகுதலின் போலிகளும் மிகுந்துள்ளன. ஆகவே, வாங்குவோர் வாரை நுணுகி ஆராய்வர். நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பர், தையலை எண்ணுவர், செய்த சாலையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளனவோ எனத் தேடுவர், எஃகோ அன்றோ எனக் காந்தத்தால் அறிவர், புறவூதாக் கதிரின்கீழ் நூலை வைத்துப் பார்ப்பர். பிற்காலத்து நூல் அக்கதிரில் வெண்ணீலமாக ஒளிரும். பழைய பருத்தி பெரும்பாலும் ஒளிராது. இவ்வாறு ஆராய்ந்து 'இது மெய்' எனத் தெளிந்தவழி மகிழ்வர். 'இது போலி' எனத் தெளிந்தவழி அதனை எறிந்து வருந்துவர்.

இவ்விடத்து ஒன்று வினாவத்தகும். போலியும் எஃகே, மெய்யும் எஃகே. இரண்டன் உருவமும் எழுத்தும் ஒன்றே. பின், மெய்க்கும் போலிக்கும் வேறுபாடு யாதோவெனின், மெய்யானதை ஒரு மனிதன் அரையிற் கட்டினான் என்பதொன்றே வேறுபாடு. அவன் அதனைக் கட்டிக்கொண்டு வெயிலிற் காய்ந்தான், அஞ்சினான், சுட்டான், ஒருகால் சுடப்பட்டு வீழ்ந்தான். தொகுப்பாளன் கொடுக்கும் விலை எஃகுக்கன்று, அம்மனிதன்பொருட்டே அவ்விலை. அங்ஙனமாயின், அப்பொருளை மதிக்கின்றவன் அம்மனிதனுக்கு ஒரு கடன்பட்டவனாகின்றான். அக்கடனை அறியாது பொருளை மட்டும் கொண்டு மகிழ்தல், பேய்த்தேரைக் கண்டு நீரென்று ஓடும் மான் செயலை ஒக்கும்.

இச்செயலைத் தக்கதென்பார் கூறுவன மூன்று. முதலாவது, வாரும் வில்லையும் சடப்பொருள்கள்; சடத்துக்கு வினையில்லை; ஆகவே, அவற்றை வைத்திருப்பதால் வினை வந்து பற்றாது என்பது. இரண்டாவது, பொருள் அழியின் வரலாறும் அழியும். ஆகவே, காத்தல் நன்று என்பது. மூன்றாவது, பாலைவனப் போர் பிற களங்களிற்போலக் கொடுமை மிக்கதன்று. வீரர் வீரரோடு அறநெறி பிறழாது பொருத போர். ஆகவே, அதன் சின்னங்கள் மாசற்றன என்பது.

இவற்றுள் மூன்றாவதனை முதற்கண் ஆராய்வோம். ரோமெலின் போர்க்குறிப்புகள் அவர் இறந்தபின், 1950-ஆம் ஆண்டில், 'பகையில்லாப் போர்' எனப் பொருள்படும் பெயரால் ஜர்மனியில் வெளிவந்தன. அப்பெயர் பலர் உள்ளத்தைக் கவர்ந்தது. பாலையில் இருதிறத்தாரும் சிறைப்பட்டோரைப் பலகாலும் முறையாக நடத்தியது உண்மையே. ஆயினும், 1942-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1943-ஆம் ஆண்டு மே வரை தூனிசியா ஜர்மானியர் கைப்பட்டிருந்தபோது, ஆங்கிருந்த யூதமக்கள் ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். ஐரோப்பாவில் ஏறத்தாழ அறுபது இலக்கம் யூதரைக் கொன்ற அரசு எதுவோ, அவ்வரசின் கழுகே பாலைவன வில்லையிலும் இருந்தது. மேலும், எல் அலமெயினில் ரோமெலின் படை நான்கு இலக்கத்துக்கு மேற்பட்ட கண்ணிவெடிகளைப் புதைத்து, அவ்விடங்களைச் 'சாத்தான் தோட்டங்கள்' என வழங்கிற்று. எதிர்த்தாரும் தம் பங்குக்குப் புதைத்தனர். போர் முடிந்து எண்பதாண்டு கடந்தும் அம்மண்ணில் வெடிகள் கிடக்கின்றன. அப்போருக்கு எவ்வகையானும் உரியரல்லாத பெடூவின் மக்கள் பலர், ஆடு மேய்க்கச் சென்ற இடத்து அவற்றால் உயிரும் உறுப்பும் இழந்தனர். மாசற்ற போர் என்பது உலகில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முதலாவது கூற்று பாதி உண்மையாம். சடத்துக்கு வினையில்லை, அது மாயையின் காரியமே. எனினும், வினை சடத்தினின்று வருவதன்று. அதனைப் பற்றும் உயிரின் இச்சையினின்று வருவது. சுவத்திகம் என்னும் உருவம் பாரதநாட்டில் மங்கலக் குறியாக வழங்குவது. யோகநூலார் ஓர் ஆசனத்துக்கும் அப்பெயர் இட்டனர். 1935-ஆம் ஆண்டில் ஜர்மனியின் கொடியாகிய பின்னர் அவ்வுருவைக் கண்டு நடுங்கினோர் எண்ணிலர். கோடுகள் மாறில, கொண்டார் கருத்தே மாறிற்று. ஆகவே, 'பொருளில் என்ன இருக்கிறது' என்னும் வினாவுக்கு, 'பொருளில் ஒன்றுமில்லை. பற்றுவான் உள்ளத்தில் இருக்கிறது' என்பதே விடை. கொடுங்கோலர் குறியை வியந்து வணங்குவான் ஒருவனும், அதனைக் கண்டு இரங்குவான் ஒருவனும் ஒரே வில்லையை வைத்திருத்தல் கூடும். வினை இருவர்க்கும் ஒன்றாகாது.

இரண்டாவது கூற்றாகிய வரலாற்றுக் காப்பினை மறுப்பார், 'இத்தகைய தீக்குறிகளை உருக்கி அழித்தலே அறம்' என்பர். இதற்குச் சைவர் கூறத்தக்க விடை ஒன்றுண்டு. கூத்தப்பெருமான் திருவடிக்கீழ்க் கிடப்பவன் முயலகன். அவன் ஆணவமலத்தின் குறி. பெருமான் அவனைக் கொன்றருளிற்றிலர், முடிசூட்டவுமிலர், ஊன்றிய திருவடியின்கீழ் அடக்கி வைத்துள்ளார். முத்தியினும் ஆணவம் அழியாது, சத்தி மடங்கிக் கிடக்கும் என்னும் உண்மையை அத்திருவுருவம் உணர்த்தும். தீமையின் சின்னத்துக்கும் இம்முறை பொருந்தும். அழித்தால் மறதி வரும். உயர்த்தினால் மயக்கம் வரும். அடங்கிய இடத்தில் கிடக்கச் செய்தால் அறிவு வரும். ஜர்மானியர் தம் தண்டநூலின் 86-ஆம் பிரிவின் கிளைவிதி ஒன்றால் இக்குறிகளைப் பொதுவிடத்திற் காட்டுதலைக் குற்றமாக்கி, கல்வி, ஆராய்ச்சி, கலை முதலியவற்றின்பொருட்டு மட்டும் விலக்கு வைத்தது இம்முறையோடு ஒருவாறு ஒத்ததே. அந்நாட்டு இக்காலப் படைவீரர் வில்லையில் பழைய தொடர் இல்லை. ஒற்றுமை, நீதி, விடுதலை என்னும் மூன்று சொற்களே உள்ளன.

அற்றேல், தொகுப்பாளன் சைவனைப் பார்த்து இங்ஙனம் கடாவுதல் கூடும்: 'நும் பெருமான் கொன்ற யானையின் தோலைப் போர்த்தார், புலியின் தோலை உடுத்தார், பகைவர் விடுத்த பாம்பையே அரைக்கச்சாகக் கட்டினார், தலைமாலையும் அணிந்தார். அவர்க்கு அமைந்தது எமக்கு அமையாதது எங்ஙனம்?' என. இக்கடா எளிதன்று, ஆயினும் விடையுடையது. வழுவூரில் யானையை உரித்த செயலும், தாருகவனத்து முனிவர் விடுத்த புலியையும் பாம்பையும் ஏற்ற செயலும் வெற்றியைப் பாராட்டுதற்கு எழுந்தன அல்ல. யானை, செருக்கின் குறி. அதனை உரித்தல் மறக்கருணை. முனிவர் பகையால் விடுத்தவை அனைத்தும் பெருமான்பால் வந்தவழிப் பகைமை நீங்கி அணியாயின. முனிவரும் செருக்கொழிந்து உய்ந்தனர். தலைமாலையோ, பிரமர் முதலாயினாரும் நிலையார் என்பதை உலகுக்கு ஓயாது காட்டுவது. மேலும், 'எனது' என்னும் பற்று பெருமானுக்கு இல்லை. அவர் அணிவன உயிர்கள் கண்டு தெளிதற்பொருட்டே. மனிதன் பிறர் பொருளை அணிவதோ பெரும்பாலும் தன்னைக் காட்டுதற்பொருட்டு. செயல் ஒன்றுபோல் தோன்றினும் கருத்து முழுதும் வேறு.

இனி, வில்லையின் தொடரை ஆராய்வோம். இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை அதுவே. 'இறைவன் நம்முடன்' என்னும் தொடரிற் சொற்கள் மூன்று. 'இறைவன்' என்பதிற் குற்றமில்லை. 'உடன்' என்பதினும் குற்றமில்லை. இறைவன் உயிர்களோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்கு உயிராய் நின்று செலுத்துதலின் உடனாயும் நிற்பன் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. 'உடனாய் நிற்றல்' என்னும் உண்மை எவ்வாறோ அப்படைவீரன் அரையினும் ஏறியிருந்தது. குற்றம் எங்குள்ளதெனின், 'நம்' என்னும் சொல்லில் உள்ளது.

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாம்' என்பது முன்னின்று கேட்பானையும் உளப்படுத்தும். 'நாங்கள்' என்பது அவனை விலக்கும். ஜர்மானிய மொழியில் இவ்வேறுபாடு இல்லை. ஒரு சொல்லே இரண்டற்கும் நிற்கும். அவ்வில்லையை அணிந்து பகைவன்மேற் சென்றவன் கொண்ட பொருள் 'இறைவன் எங்களுடன். உன்னுடன் அல்லன்' என்பதே. அஃது ஆணவத்தின் மொழி. அதே தொடரைப் பகைவனையும் உளப்படுத்தி 'இறைவன் நம்முடன்' எனக் கூறின் அது மெய்ம்மொழியாம்; ஆயின், அங்ஙனம் கூறியவன் துப்பாக்கியைக் கீழே வைத்தல் வேண்டும். ஓரெழுத்தும் மாறாத ஒரு தொடர் பொய்யாதலும் மெய்யாதலும் 'நாம்' என்பதன் எல்லையைப் பொறுத்தன.

அவ்வெல்லைக்கு வெளியே அன்று நின்றோர் யாவர் என எண்ணிப் பார்த்தல் தகும். ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் மட்டுமல்லர். இந்திய நான்காம் டிவிஷன் என்னும் பெரும்படையும் அப்பாலையிற் பொருதது. அதனோடு மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப்பிரிவினரும் இருந்தனர். அப்பிரிவில் தமிழர் பலர். நெற்றியில் திருநீறிடும் குடியிற் பிறந்தோரும் அவருள் இருந்திருப்பர். வில்லையிற் பொறித்த இறைவன் அவருடன் இல்லை எனக் கொள்வது எத்துணைப் பேதைமை! எல் அலமெயினில் ஆங்கிலப் பேரரசினர் பக்கத்தார்க்குரிய இடுகாட்டில் 7,240 பேர் கிடக்கின்றனர்; அவருள் 815 பேர்க்குப் பெயர் தெரியாது. அணித்தே, 1959-ஆம் ஆண்டில் நிறைவுற்ற எண்கோணக் கோட்டைபோன்ற நினைவகத்தில் ஏறத்தாழ 4,200 ஜர்மானியர் கிடக்கின்றனர். இத்தாலியர்க்கும் தனியிடம் உண்டு. இம்மூவிடத்தும் இறைவன் உடனாய் நின்றான். எவ்விடத்தும் ஒருவர்க்காக ஒருவரைக் கைவிட்டிலன்.

இதனைச் சைவர் பிறரைக் குறைகூறுதற்குக் கருவியாக்குதல் ஆகாது. 'எங்கள் பெருமான்' என நாவாற் சொல்லி, உள்ளத்தால் அயலானை விலக்கும் சைவனும் தன் அரையில் அவ்வில்லையையே கட்டியிருக்கின்றான். அதில் எழுத்துத் தமிழாயிருத்தலாற் பொருள் வேறாகாது.

இக்குற்றமே தொகுப்பாளனையும் தொடர்கின்றது. படைவீரன் இறைவனை 'எங்கட்கு உரியன்' என்றான். தொகுப்பாளன் அப்படைவீரன் வாழ்வையும் சாவையும் 'எனக்கு உரியன' என்கின்றான். முன்னது 'எங்கள்', பின்னது 'எனது', வேர் ஒன்றே. பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பது பொருள். கயிற்றாற் கட்டுண்டது பசு. வார் ஒருவன் அரையை விட்டு நீங்கி எண்பதாண்டு கழிந்தும் மற்றொருவன் உள்ளத்தைக் கட்டுமாயின், அதனினும் தெளிவான பாசம் வேறு யாது!

இங்ஙனமாயின் தொகுத்தல் முழுதும் தகாததோ எனின், அன்று. மூன்று நெறி காத்தவழி அது தகும்.

முதலாவது, இறந்தோர் உடலினின்றும் புதைகுழியினின்றும் எடுத்த பொருளைத் தீண்டாமை. 1929-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை, களத்தில் இறந்தோரைக் கொள்ளையினின்று காத்தல் அக்களத்தைக் கைக்கொண்டார்க்குக் கடமை என விதித்தது. ஜர்மானிய வீரன் கழுத்திலணிந்த அடையாளத் தகடு நடுவே துளைவரிசையுடையது. அவன் இறந்தால் அதனை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை உடலோடு வைத்து, மறுபாதியைக் கொண்டு பெயரைப் பதிவர். குழியைத் தோண்டி அத்தகட்டையும் வில்லையையும் எடுத்து விற்பவன் இறந்தவன் பெயரையே எடுத்து விற்கின்றான். அவ்வுடல் பின்னர் என்றும் பெயரற்றதாய்விடும். 1919-ஆம் ஆண்டில் தோன்றிய ஜர்மானியப் போர்க்கல்லறைக் காப்புக் கழகத்தார் இன்றும் இத்தகைய உடல்களைத் தேடிப் பெயர்கண்டு அடக்குகின்றனர். அப்பணிக்கு மாறானது இக்களவு. வாங்குவோர் இலராயின் தோண்டுவோரும் இலராவர். ஆகலின், வாங்குவானும் அவ்வினையிற் பங்குடையன்.

இரண்டாவது, குறியைப் பாராட்டாமை. அணிந்து உலாவுதலும், வீரச்சின்னமாக வரவேற்பறையில் விளங்க வைத்தலும், அவ்வரசின் கொடுமையை மறைத்து வீரத்தை மட்டும் பேசுதலும் விலக்கத்தக்கன.

மூன்றாவது, கடனைச் செலுத்துதல். ஒருவன் விலைகொடுத்து வாங்கிய வாரின் உட்புறத்தே அதனை அணிந்தவன் பெயர் மையால் எழுதப்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். பெயருள்ள வாருக்கு விலை ஏறும் என மகிழ்வது ஒருவகை. அப்பெயரினன் உயிரோடு மீண்டானோ, இறந்தானோ, அவன் வழியினர் உளரோ என வினவி, உளராயின் 'இது நும்முடையது, வேண்டுமோ?' எனக் கேட்பது மற்றொருவகை. அவர் வேண்டாவெனின் வைத்துக்கொள்ளலாம். வேண்டுமெனின் விலை பேசாது கொடுத்தல் வேண்டும். கொடுக்கும்போது உள்ளம் எவ்வளவு நோகின்றதோ அவ்வளவே அவனைப் பிணித்த பாசத்தின் அளவு. அந்நோவே அவனுக்கு உரைகல். நோவாது கொடுக்க வல்லவன் அதனை வைத்திருந்த காலத்தும் கட்டுண்டிலன். கொடுக்க மாட்டாதவன், வார் தன் பெட்டியில் இருப்பதாக எண்ணினும், தான் அவ்வாரில் இருக்கின்றான்.

திருநீறு வெந்த சாம்பலேயாயினும், முடிவில் எஞ்சுவது இது என உணர்த்துதலால் சைவர் அதனை நெற்றியில் அணிவர். பாலைமணலில் துருவேறிய வில்லையும் அவ்வுண்மையையே கூறும். அதனைச் சாம்பலாகக் காண்பானுக்கு அஃது ஆசிரியன். பொன்னாகக் காண்பானுக்கு அது தளை. கையில் எடுப்போர் அதன் தொடரைப் படிக்கும்போது, 'நம்' என்பதனுள் அதனை அணிந்தவனையும், அவனாற் கொல்லப்பட்டவனையும், அவன் புதைத்த வெடியிற் காலிழந்த இடையனையும் ஒருங்கே உளப்படுத்திப் படிப்பாராக. அங்ஙனம் படிக்க இயலாதார் அதனைத் தொடாது விடுதல் நன்று.

திருச்சிற்றம்பலம்.